தட்டை வைத்த பிறகு சொல்லும் சொல்

என் கணவரிடம் மிச்சமிருப்பது ஒரே ஒரு சொல். அதுவும் இங்கிலீஷ் சொல். என்ஜாய்.

பக்கவாதம் வந்தபோது வலது கையும் வலது காலும் போயின. கூடவே பேச்சும் போனது. என் பெயர், மகன் பெயர், தண்ணீர், பசி, வேண்டும், வேண்டாம் எல்லாம் போய்விட்டன. திட்டுகளும் போயின. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, வாயைக் கோணலாக இழுத்து, வெகுநேரம் முயன்று அவர் சொன்ன முதல் வார்த்தை 'என்ஜாய்'. பக்கத்துக் கட்டில்காரரின் மகள் சிரித்துவிட்டாள். இந்த நிலைமையிலும் மனிதர் என்னைக் கேலி செய்கிறாரே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் விளக்கினாள். "சில பேருக்கு இப்படி ஒரு வார்த்தை மட்டும் தங்கிடும்மா. ரொம்ப வருஷம் வாயில புழங்கின வார்த்தையா இருக்கும். அர்த்தம் நினைச்சு சொல்றார்னு எடுத்துக்காதீங்க. அவர் எதைச் சொல்ல நினைச்சாலும் வாயில அதுதான் வரும்."

"மாறுமா?"

"சிலருக்கு மாறும். சிலருக்கு அதோட நின்னுடும்."

இவருக்கு அதோடு நின்றுவிட்டது.

எப்படி அந்தச் சொல் என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். நான் என்ன சொல்ல? ஒரு பெரிய ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுபவராகச் சேர்ந்து, பரிமாறுபவர்களை மேற்பார்க்கும் கேப்டனாகி, அங்கேயே ஓய்வு பெற்றவர் இவர். அந்த ஹோட்டலில் ஒரு சட்டம் உண்டு. விருந்தாளியின் இடது பக்கம் நின்று தட்டை வைக்க வேண்டும். ஓரடி பின்னால் நகர வேண்டும். தலையைக் கொஞ்சம் சாய்த்து 'என்ஜாய்' சொல்ல வேண்டும். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். விருந்தாளி நன்றி சொன்னால் 'மை பிளஷர்' சொல்ல வேண்டும். 'பரவாயில்லை சார்' என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. மாதக் கடைசியில் யாருக்கு எத்தனை விருந்தாளிகள் 'டிலைட்டட்' என்று எழுதிக் கொடுத்தார்கள் என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் வாசிப்பார். இவர்தான் எப்போதும் முதல் ஆள். கூட வேலை செய்தவர்கள் இவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரே 'என்ஜாய்'தான்.

வீட்டுக்கு வந்தால் வேறு ஆள். ஷூவைக் கழற்றும்போதே சிரிப்பையும் கழற்றி வாசலில் விட்டுவிடுவார். "நாள் பூரா பல்லைக் காட்டித் தாடை வலிக்குது. நீ வேற பேச்சுக் கொடுக்காதே" என்பார். நான் தட்டை வைப்பேன். எந்தப் பக்கம் நின்று வைத்தேன் என்று யார் பார்த்தார்கள்? உப்பு அதிகம் என்றால் தட்டு என் பக்கம் நகரும். எல்லாம் சரியாக இருந்தால் நகராது. தட்டு நகராத நாட்களை நல்ல நாட்கள் என்று எடுத்துக்கொள்ளப் பழகினேன்.

எங்கள் வீட்டில் புழங்கிய இங்கிலீஷ் சொல் வேறு. ஜாலி. அதை நாங்கள் திட்டுவதற்கு மட்டும்தான் எடுப்போம். எதிர்வீட்டுப் பெண்களோடு படத்துக்குப் போகட்டுமா என்று கேட்டால், "உனக்கு என்ன ஜாலி வேண்டிக்கிடக்கு?" மகன் பந்தாட்டம் முடிந்து தாமதமாக வந்தால், "துரை ஜாலியா ஊர் சுத்திட்டு வர்றார்." என் தம்பிக்கு வேலை போனபோதுகூட, "அவனுக்கென்ன, ஜாலி." எப்போதும் அடுத்தவர்தான் ஜாலியாக இருப்பார்கள். நான் ஜாலியாக இருக்கிறேன் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது என் மகன் காலத்துக்குப் புதிய சொற்கள் வந்திருக்கின்றன. அவனும் அதே ஹோட்டலில்தான், முன்னால் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறான். காய்ச்சலில் சுருண்டு படுத்தபடியே போனில் "சூப்பர் எக்சைட்டட் சார்" என்பான். ஆட்களைக் குறைக்கப் போகிறோம் என்று சொல்லக் கூட்டிய கூட்டத்துக்கு 'ஃபன் மீட்' என்று பெயராம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பயிற்சி நின்றுபோன பிறகு, அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் குடித்தனம் நடத்தினோம். முதலில் எனக்கு எதுவும் விளங்கவில்லை. தண்ணீர் கொடுத்தால் தட்டிவிடுவார், ஜன்னலைத் திறந்தால் முறைப்பார். போகப் போகக் காது பிடித்துக்கொண்டது. தண்ணீர் கேட்கும்போது சொல்லின் வால் மேலே போகும். கோபம் வந்தால் இரண்டாக உடைத்துச் சொல்வார். வெயில் மேலே படும்படி கட்டிலை நகர்த்தினால் மெதுவாக, கடைசி எழுத்தே இல்லாமல் சொல்வார். வலி என்றால் 'என்' என்பது அடிவயிற்றிலிருந்து நீளமாக வரும். 'ஜாய்' வெளியே வர மாட்டாமல் தொண்டையில் கிழிபடும். அதைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் சொல்வதை நான் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அவரும் எனக்காக இத்தனை தரம் வாய் திறந்ததில்லை. அதை நினைத்தால் வயிறு எரிகிறது. நன்றாக இருந்த காலத்தில் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டு, கடைசியில் வழித்ததை எனக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

வெளியாட்களுக்கு அந்த வித்தியாசம் எதுவும் காதில் விழவில்லை. அவர்களுக்கு அது வெறும் என்ஜாய்.

என் நாத்தனார் பார்க்க வந்தாள். அன்று அவருக்கு முதுகுப்புண் எரிச்சல். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படி இருக்கீங்க அண்ணே?" என்று கேட்டாள். அடிவயிற்றிலிருந்து வந்தது, நீளமாக. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"பாருங்க அண்ணி, ஆனந்தக் கண்ணீர்!" என்றாள்.

"முதுகுல புண்ணு. கொஞ்சம் தள்ளு, திருப்பிப் படுக்க வைக்கணும்."

"நீங்க எதையாவது சொல்லிக்கிட்டே இருப்பீங்க. அவரே வாயைத் திறந்து என்ஜாய்ங்கிறார். அவரைவிட உங்களுக்குத் தெரியுமா?"

என் மகன் அறை வாசலில் நின்று அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். நான் அவரைத் திருப்புவதற்கு முந்திய பகுதியை மட்டும் வெட்டி எடுத்து எல்லோருக்கும் அனுப்பினான். படுத்த படுக்கையிலும் வாழ்க்கையைக் கொண்டாடும் என் அப்பா என்று மேலே எழுதியிருந்தான். அது எங்கெங்கோ போனது. முகம் தெரியாதவர்கள் அழுததாக எழுதினார்கள். என்ஜாய் தாத்தா என்று பெயர் வைத்தார்கள். எங்களுக்குப் பேரப்பிள்ளையே கிடையாது.

மகனுக்கு அப்பா மேல் பாசம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சின்ன வயதில் அப்பா சிரித்து அவன் பார்த்ததில்லை. இப்போது ஊரே சேர்ந்து உன் அப்பா எவ்வளவு சந்தோஷமான மனிதர் என்று சொல்லும்போது அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதைக் கெடுக்கிற ஒரே ஆள் நான். அது வலி, இது தாகம், இது புண் என்று சொல்லிக்கொண்டே இருப்பவள். "உனக்கு எதையும் என்ஜாய் பண்ணத் தெரியாதும்மா. அடுத்தவங்களையும் விட மாட்டே" என்று ஒருநாள் சொன்னான். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும், அம்மா ஆரம்பித்துவிட்டாள் என்று ஆகிப்போனது.

ஹோட்டலின் ஆண்டு விழா வந்தது. மேனேஜரே வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்ற நாளில் ஒரு கேக்கை வெட்டி வழியனுப்பியதோடு சரி, பக்கவாதம் வந்தபோது எட்டிப் பார்க்காத ஹோட்டல் அது. மேனேஜர் கட்டில் பக்கத்தில் குனிந்து, "சார், நீங்கதான் எங்க ஸ்பெஷல் கெஸ்ட். பழைய யூனிஃபார்ம்ல வரணும். எல்லாருக்கும் ஒரு தடவை என்ஜாய் சொன்னா போதும்" என்றார். இவர் இரண்டாக உடைத்துச் சொன்னார். மேனேஜர் கை தட்டினார்.

"அவருக்குக் கோபம்," என்றேன்.

மேனேஜர் என் மகனைப் பார்த்தார். மகன் சிரித்தான். "அம்மா அப்படித்தான் சார் சொல்வாங்க. நான் கூட்டிட்டு வரேன்." துணை மேனேஜர் வேலைக்கு அவன் பெயர் போயிருந்தது என்பது எனக்கும் தெரியும். அதனால் அதற்கு மேல் பேசவில்லை.

அவருக்குச் சிறுநீர் தானாகப் போகாது. டியூப் போட்டிருக்கிறார்கள். டியூபின் நுனியில் ஒரு பை. கட்டிலில் இருந்தால் கட்டில் காலில், சக்கர நாற்காலியில் இருந்தால் கைப்பிடிக்குக் கீழே மாட்டியிருப்பேன். டியூபின் நடுவில் ஒரு சின்ன கிளிப் உண்டு. பையை மாற்றும்போது அதை அழுத்தி மூடிவிட்டு, மாற்றிய உடனே திறந்துவிட வேண்டும். டியூப் போட்ட நர்ஸ் என்னையும் மகனையும் பக்கத்தில் நிற்க வைத்துச் சொன்னாள். "இதை மட்டும் மூடிட்டு மறந்துடாதீங்க. உள்ள சேர்ந்துக்கிட்டா உயிர் போற மாதிரி வலிக்கும். அவரால சொல்லவும் முடியாது." மகன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

விழா அன்று பகலிலேயே வண்டி வந்துவிட்டது. புறப்படும் முன்னால் கிளிப்பைத் தொட்டுப் பார்த்தேன். திறந்திருந்தது. ஹோட்டலின் பின்வாசல் வழியாக உள்ளே போனோம். ஊழியர்கள் உடை மாற்றும் அறையில் அவருடைய வெள்ளைக் கோட்டும் கறுப்புக் கால்சட்டையும் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த அறைக் கதவில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. 'இந்தச் சிரிப்போடுதான் வெளியே போகிறாயா?' என்று அதன் மேல் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். இந்த அறையில் எத்தனை வருஷம் தாடையைச் சரிசெய்துகொண்டு போயிருப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. பாவமாக இருந்தது. எனக்கே பிடிக்காத பாவம் அது.

மேனேஜர் எட்டிப் பார்த்து, பையைக் கண்ணால் காட்டி, மகனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"அம்மா, நீ போய் முன்வரிசையில உக்காரு. நாங்க டிரெஸ் மாத்திக் கூட்டிட்டு வர்றோம்," என்றான் மகன்.

"நான் மாத்தறேன்."

"இங்க ஆம்பளைங்கல்லாம் இருக்காங்கம்மா. போ."

போனேன். முன்வரிசை என்றால் மேடைக்கு முன் அல்ல, முன்வரிசையின் கடைசி. பூச்சாடிக்குப் பின்னால். ஒரு பெண் வந்து பழரசம் வைத்தாள், ஓரடி பின்னால் போனாள், "என்ஜாய் மேடம்" என்று தலை சாய்த்தாள். நான் நிமிர்வதற்குள் போய்விட்டாள். அந்தச் சொல்லை முறைப்படி எனக்கு ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் ஒன்று கவனித்தேன். சொல்லுகிறவர் அதைச் சாப்பிடுவதில்லை. சொன்ன பிறகு அங்கே நிற்பதும் இல்லை.

அவரை நடுக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உடம்பு வற்றிப்போனதால் கோட்டைப் பின்பக்கம் ஊக்குக் குத்தி நிறுத்தியிருந்தார்கள். மடியில் ஒரு வெள்ளை மேஜைத் துணி. கைப்பிடிக்குக் கீழே பை இல்லை. கால்சட்டைக்குள் விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். விருந்தாளிகள் வரிசையாக வந்து அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் சொன்னார். ஆரம்பத்தில் அது நல்ல என்ஜாயாகத்தான் இருந்தது. தலைகூடக் கொஞ்சம் சாய்ந்தது. பழைய பழக்கம், உடம்பு மறக்கவில்லை.

வரிசை நீண்டுகொண்டே போனது. பேச்சுகள் நடந்தன. பழரசம் வைத்த பெண் காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய், அடுத்ததை வைத்தாள். அவருடைய இடது கை மேஜைத் துணியைப் பிடித்துக் கசக்குவதைப் பார்த்தேன். நெற்றி மினுமினுத்தது. அடுத்த என்ஜாய் அடிவயிற்றிலிருந்து வந்தது.

நான் எழுந்தேன். வரிசைக்குள் நுழைய முடியவில்லை. "மேடம், ஒவ்வொருத்தரா வாங்க" என்றான் ஓர் ஊழியன். நான் யார் என்று சொல்லிப் புரிய வைப்பதற்குள் நிகழ்ச்சி நடத்துகிற ஆள் மைக்கோடு இறங்கி வந்துவிட்டான். பளபளவென்று கோட்டு, வாய் கொள்ளாத சிரிப்பு.

"இப்ப நம்ம என்ஜாய் தாத்தா நமக்காக ஒரு தடவை சொல்லப் போறார்! நாம எல்லாரும் திருப்பிச் சொல்லணும், ஓகேவா?"

மைக்கை அவர் வாயருகே வைத்தான்.

அந்தக் குரலை நான் வீட்டில்கூடக் கேட்டதில்லை. முதல் பாதி நீண்டு, நீண்டு, ஒலிபெருக்கியில் கூடம் முழுக்கப் போய், இரண்டாம் பாதி கிழிந்தது.

கூடம் திருப்பிச் சொன்னது. "என்ஜாய்!"

"ஃபன்டாஸ்டிக்! இன்னும் சத்தமா தாத்தா!"

அவர் அலறினார். கூடம் அலறியது. கை தட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குழந்தைகள் குதித்தன. என் மகன் நாற்காலிக்குப் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவன் முகத்தில் அந்தக் கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்த சிரிப்பு இருந்தது.

யாரை இடித்தேன், யார் காலை மிதித்தேன் என்று தெரியாது. அவர் முன்னால் போய் நின்றேன்.

"தள்ளு. அவருக்கு வலிக்குது."

"அம்மா, அஞ்சு நிமிஷம். சேர்மன் மேடையில இருக்கார்."

"வலிக்குதுடா!"

"ஒரு நாளாவது என்ஜாய் பண்ண விடும்மா." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

நான் தரையில் உட்கார்ந்தேன். மேஜைத் துணியை எடுத்துப் போட்டேன். கால்சட்டையின் ஓரத்தை முழங்கால் வரை சுருட்டினேன். பை காலோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அதில் ஒரு சொட்டு இல்லை. டியூபைப் பிடித்துக்கொண்டே மேலே போனேன். கிளிப் மூடியிருந்தது. வீட்டில் நான் தொட்டுப் பார்த்துவிட்டு வந்த கிளிப்.

திறந்தேன். பை நிறைந்தது. அது நிறைகிற சத்தம் எனக்குக் கேட்டது. மைக் பக்கத்தில் இருந்ததால் மற்றவர்களுக்கும் கேட்டிருக்கும். கட்டை அவிழ்த்து, கனத்த பையை வெளியே எடுத்து, வழக்கமாக மாட்டுகிற இடத்தில், கைப்பிடிக்குக் கீழே மாட்டினேன். இனிப்பு மேஜை நாலடி தூரத்தில் இருந்தது. தட்டும் கையுமாக நின்றவர்கள் தட்டைப் பார்ப்பதா பையைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார்கள். நிகழ்ச்சிக்காரன், "ஒரு சின்ன பிரேக்!" என்றான். பாட்டைப் போட்டார்கள்.

அவர் தோள் இறங்கியது. கண்ணை மூடினார். கடைசி எழுத்தே இல்லாமல், மெதுவாக ஒரு தடவை சொன்னார். அதற்கு யாரும் கை தட்டவில்லை.

ஹோட்டல் வண்டியில் எங்கள் இருவரையும் மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மகன் விழா முடிந்து வருவதாகச் சொன்னான். அவன் எப்போது வந்தான் என்று எனக்குத் தெரியாது. அசதியில் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் அவருக்கு உடம்பு துடைத்துப் பையை மாற்றிவிட்டுச் சமையலறைக்கு வந்தேன். எதிர்வீட்டுப் பெண் என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். 'உங்க வீட்டுக்காரர் கலக்கிட்டார்' என்று எழுதியிருந்தாள். ஹோட்டல் வெளியிட்ட படம் அது. அவர் அலறுவது, கூடம் திருப்பிச் சொல்வது, கைதட்டல். நான் தரையில் உட்காருவதற்கு முன்னால் முடிந்துவிடுகிறது. சத்தத்தைக் குறைத்துக்கொண்டு கீழே எழுதியிருந்ததையெல்லாம் படித்தேன். வாழ்ந்தால் இந்த மனிதரைப் போல் வாழ வேண்டும் என்று ஒருவர். தினமும் காலையில் இதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன், அவ்வளவு உற்சாகம் என்று ஒருவர். படம் வந்து ஒரு ராத்திரிகூட முழுதாக ஆகவில்லை. பக்கத்தில் நிற்கும் அந்த அம்மா ஏன் மூஞ்சியை இப்படி வைத்திருக்கிறார் என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு என் மகன் பதில் எழுதியிருந்தான். 'அவங்க எப்பவும் அப்படித்தான்.' பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை.

அவன் முன்னறையில் காபி குடித்துக்கொண்டிருந்தான். வேலைக்குப் போகும் உடை. முடியைப் படிய வாரியிருந்தான்.

"அதுல அப்பா கத்துறார்டா," என்றேன்.

"காலங்காத்தால ஆரம்பிக்காதேம்மா."

"அது வலி. கிளிப் மூடியிருந்தது."

கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீதானே மூடினே?"

"பை உப்பிக்கிட்டுத் தெரியும்னு சார் சொன்னார். கொஞ்ச நேரந்தானேன்னு நினைச்சேன். அப்புறம் பேச்சு நீண்டுடுச்சு."

"அவர் கத்தினப்போவாவது தெரிஞ்சிருக்கணும்."

மறந்துவிட்டேன் என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் இரண்டு திட்டுத் திட்டிவிட்டு, அன்றைய சமையலைப் பார்த்திருப்பேன். வேறு என்ன செய்ய முடியும், பெற்ற பிள்ளை.

"தெரிஞ்சுது," என்றான்.

"எப்போ?"

"மைக் வைக்கிறதுக்கு முன்னாடியே. எனக்கு அந்தச் சத்தம் தெரியாதாம்மா? நானும் இந்த வீட்லதானே இருக்கேன். நீ சொன்னதெல்லாம் காதுல விழாமலா இருந்துது?" குரல் இறங்கிவிட்டது. "எல்லாரும் கை தட்டிட்டிருந்தாங்க. எவ்ளோ பேர்! அப்பாவைப் பாத்து அத்தனை பேர் சிரிச்சு நான் பாத்ததே இல்லை. நடுவுல போய் நிறுத்த எனக்கு மனசு வரலை."

அறைந்திருப்பேன். அவன் சட்டைக் காலர் கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது. அதை நான்தான் தேய்த்துக் கொடுத்திருந்தேன்.

"அந்தப் படத்தை எடுக்கச் சொல்லு."

"எப்படிம்மா? எடுத்தா ஏன்னு கேப்பாங்க. சேர்மனே பாராட்டி எழுதியிருக்கார். இங்க பாரு, நீயே பாரு." காட்டுவதற்காகப் போனை எடுத்தான். எழுதியிருப்பதைக் காட்டப் போய் விரல் படத்தின் மேல் பட்டுவிட்டது. சத்தம் முழுதாக வைத்திருந்தான்.

அவர் குரல் முன்னறையில் நீண்டது, கிழிந்தது.

உள்ளே கட்டிலிலிருந்து அதே குரல் பதில் சொன்னது.

ஓடினேன். அவர் கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போல இருந்தன. இடது கையால் அடிவயிற்றை அமுக்கிக்கொண்டு, டியூபைத் தேடித் தேடிப் படுக்கையைப் பிறாண்டினார். மறுபடி அலறினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். போர்வையை விலக்கி டியூபைத் தூக்கி அவர் கண்ணுக்கு நேராகக் காட்டினேன்.

"திறந்துதான் இருக்குங்க. பாருங்க, யாரும் மூடலை. இதோ, ஓடுது பாருங்க."

அவர் டியூபைப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேல் வாசலைப் பார்த்தார். அங்கே மகன் நின்றிருந்தான். அவரைப் பார்த்தபடியே, படத்தை நிறுத்தப் போனின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தான். அது நிற்கவில்லை. அவன் கைக்குள் கூடம் முழுவதும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.